நிலக்கடலில் ஒரு தீவு

மார்கழி மாதத்து விடியற்காலையில் நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் செல்லும் சாலையில் நின்று கிழக்கு நோக்கிப் பாருங்கள். வயல்களையும் தென்னந்தோப்புகளையும் பனி மூடியிருக்கும். அந்த வெண்பனிப் பரப்பின்மேல் கருநீல நிறத்தில் ஒரு பெருமலை எழுந்து நிற்கும். மற்ற மலைகளைப்போல அதன் உச்சி கூம்பி முடிவதில்லை. மேசையின் மேற்பலகையைப்போல நீண்டு கிடக்கும். கடல் நடுவே தீவைக் கண்டாற்போல் இருக்கும் அக்காட்சி. அதுவே கொல்லிமலை.

“தீவு என்றால் என்ன?” என்று கேட்டால், “நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலம்” என்று ஐந்தாம் வகுப்பு மாணவனும் விடை கூறுவான். நிலநூலுக்கு அவ்விடை போதும். மக்கள் வாழ்க்கையை ஆராய்வோர்க்கு அது போதாது. கடத்தற்கு அரிய ஒன்றால் நாற்புறமும் சூழப்பட்டு, உப்பு வாங்கி மீள்வதற்கே ஒரு பகற்பொழுது செலவாகும் ஊர் எதுவாயினும், அங்கு வாழ்வோர் தீவினரே. அத்தகைய ஒதுங்கிய ஊர்களில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? எதனால் அவ்வாழ்வு நிலைத்தது? எது குறைந்தால் அது குலையும்? இவ்வினாக்களைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நம் கண்ணெதிரே நிற்கும் கொல்லிமலையே நமக்குப் பாடநூல். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்காட்லாந்து நாட்டுக் கடலிலுள்ள இரண்டு சிறு தீவுகளையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

முதலில் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியனாகச் சேர்ந்த காலம். மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சிறுவன் ஒருவன் ஏழாம் வகுப்பில் இருந்தான். தீபாவளி விடுமுறை முடிந்து நான்கு நாள் கழித்து அவன் வந்து சேர்ந்தான். காரணம் கேட்டேன். “சாமை அறுப்பு ஐயா” என்றான். “உங்கள் காட்டு அறுப்புக்கு உன் பெற்றோர் போதாரோ?” என்றேன். “எங்கள் அறுப்பு முன்னமே முடிந்துவிட்டது. எங்களுக்கு அறுத்துக் கொடுத்தவர்களுக்கு நாங்கள் அறுக்க வேண்டும்” என்றான். அயலார் வேலைக்காகவா பள்ளியை விட்டாய் என்று கடிந்துகொண்டு, அன்று முழுவதும் அவனை வகுப்பறையின் பின்புறம் நிற்கவைத்தேன். அவன் கூறிய ஒரு வாக்கியத்தில் ஒரு சமுதாயத்தின் அடித்தளமே அடங்கியிருந்தது. அதை உணர்ந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இனி மலைமேல் ஏறுவோம். கொல்லிமலையின் மேற்பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். கடல்மட்டத்திற்குமேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலையின் மேல் பள்ளத்தாக்குகளும் மேடுகளும் ஓடைகளும் மாறிமாறி வருகின்றன. ஓடைகள் கூடி ஐயாறு என்னும் ஆறாகி, அறப்பளீசுவரர் கோயிலின் அருகே ஓடி, ஆகாய கங்கை என்னும் அருவியாய்ப் பாய்ந்து, புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்துச் சமவெளியை அடைகின்றது.

சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனைப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியுள்ளனர். ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி அவனுக்கு அரசு விழா நடைபெறுகின்றது. இன்று மலைமேல் வாழும் மக்களுட் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்பதே அப்பெயரின் பொருள். கேரளத்து மலையாளிகளோடு அவர்களை மயங்குதல் கூடாது. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்றும், அவர்தம் வழியினரே தாங்கள் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டியது.

மலை முழுவதும் 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு எனச் செல்கின்றன அப்பெயர்கள். இன்றைய ஊராட்சிகளும் அப்பெயர்களையே தாங்கியுள்ளன. ஊருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு. வழக்கு வந்தால் பெரியோர் கூடிப் பேசித் தீர்ப்பர். திருவிழா நாள் குறிப்பதும், பொதுவேலைக்கு ஆள் கூட்டுவதும் அக்கூட்டத்தின் பொறுப்பு.

சாலை வருவதற்கு முன்பு அம்மக்களின் அன்றாட வாழ்க்கை எவ்வாறு இருந்தது? மூங்கில் தட்டியில் செம்மண் பூசிய சுவர். மேலே புல் வேய்ந்த கூரை. குளிருக்கு அடுப்பின் வெப்பமும் ஒரு கம்பளியுமே துணை. விடியுமுன் பெண்கள் எழுவர். ஊற்றுக்குச் சென்று நீர் கொணர்ந்த பின், உரலும் உலக்கையும் ஒலிக்கத் தொடங்கும். சாமையின் உமி வழவழப்பானது; அரிசியை இறுகப் பற்றியிருப்பது. காயவைத்து, குத்தி, முறத்தால் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்தால்தான் சோற்றுக்குரிய அரிசி கிடைக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு முன்னே ஒரு பெண்ணின் தோள்வலி இருந்தது என்பதை மறத்தலாகாது.

பள்ளத்தாக்கில் நீர் நிற்கும் வயல்களில் நெல். சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. கேழ்வரகுக்கு ஊடே அவரையும் கடுகும் விதைப்பர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். சாமை என்று நாம் ஒரே பெயரால் சொல்வதில் அவர்கள் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடன் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை எனப் பலவற்றை வேறுபிரித்து அறிவர். தினையிலும் செந்தினை, மூக்கந்தினை, பெருந்தினை என வகைகள் உண்டு. விரைவில் விளைவது ஒன்று. காலந்தாழ்ந்து விளைந்தாலும் மிகுதியாகத் தருவது ஒன்று. மெலிந்த மண்ணையும் பொறுப்பது ஒன்று. மழை முந்துமோ பிந்துமோ என்று அறிய வானிலை அறிக்கை இல்லாத காலத்தில், இவ்வகை வேறுபாடே அவர்களுடைய காப்பீடு.

விளைந்த தானியத்தைத் தொம்பையில் சேமித்தனர். தொம்பை என்பது மூங்கிலால் முடைந்து, மண்ணும் சாணமும் பூசிய பெருங்கூடை. பூச்சிக்கும் ஈரத்துக்கும் அது இடங்கொடாது. விதையைத் தனியே பாதுகாத்தனர். பசி வந்தாலும் விதையைத் தொடமாட்டார்கள்.

மலையில் விளையாதவை சிலவே: உப்பு, துணி, இரும்பு, மண்ணெண்ணெய். அவற்றுக்காகப் பலாப்பழம், வாழைத்தார், மிளகு, தேன் ஆகியவற்றைத் தலையில் சுமந்து, காட்டுப் பாதை வழியே இறங்கி வருவர். ஒருபுறம் பேளுக்குறிச்சி, மறுபுறம் புளியஞ்சோலை. மளிகைப் பொருளுக்குப் பெயர்பெற்ற பேளுக்குறிச்சிச் சந்தைக்கும் இம்மலைக்கும் உள்ள உறவு அத்தகையது. விற்றுவிட்டு, வாங்கிக்கொண்டு, இருட்டுமுன் ஏறிவிட வேண்டும். நோயாளியாயின் தூளி கட்டி நான்கு பேர் மாறிமாறிச் சுமந்து இறக்குவர்.

இந்நான்கு பேரைக் கவனியுங்கள். கூலி பெற்றுத் தூளி சுமந்தவர் எவரும் இலர். இன்று உன் வீட்டு நோயாளிக்கு என் தோள். நாளை என் வீட்டு நோயாளிக்கு உன் தோள். அறுப்பு, கூரை வேய்தல், கல் கட்டுதல் ஆகிய அனைத்தும் இம்முறையிலேயே நடைபெற்றன. பணம் புழங்காத இடத்தில் கைகளே நாணயம். என் மாணவன் நான்கு நாள் தாமதித்ததற்குக் காரணம் இக்கடனே. அவன் வீட்டார் பெற்ற நான்கு நாள் உழைப்பை அவர்கள் திருப்பிச் செலுத்தினர். செலுத்தாவிடின் அடுத்த ஆண்டு அவர்கள் காட்டில் கதிர் உதிர்ந்து போயிருக்கும்.

இவ்வளவும் கேட்டு, ஒதுங்கிய வாழ்வே இன்பவாழ்வு என்று நீங்கள் முடிவு கட்டிவிடலாகாது. அவ்வாழ்வின் மறுபக்கம் கொடியது. கொல்லிமலைக் காய்ச்சல் என்றால் சமவெளியினர் அஞ்சி நடுங்கிய காலம் உண்டு. அக்காய்ச்சலை மலேரியா என்று இன்று அறிவோம். நரம்புச் சிலந்தி என்னும் நோயும் மக்களை வாட்டியது. படியிறங்கி நீர் முகக்கும் கிணறுகளில் வாழும் நுண்ணிய நீர்த்தெள்ளுகளின் உடலில் அச்சிலந்தியின் குஞ்சுகள் இருக்கும். அந்நீரைப் பருகியவர் உடலில் அவை புகுந்து, ஏறத்தாழ ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் நீளப் புழுவாக வளர்ந்து, காலில் கொப்புளமாய் வெளிப்படும். எரிச்சல் தாளாமல் அவர் காலை நீரில் வைத்தால், புழு மீண்டும் குஞ்சுகளை நீரில் விடும். இவ்வாறு ஒரு கிணறு ஊர் முழுவதையும் முடமாக்கும். துணியில் வடிகட்டிய நீரைப் பருகுதலும், கிணற்றில் கால் வையாமையுமே இதற்குத் தடை. எளிய செயலே, ஆயினும் அறிந்து சொல்வார் வேண்டும்.

அவ்வாறு சொல்ல வந்தவர்களுள் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலத் தம்பதியர் குறிப்பிடத்தக்கவர். சமயப்பணிக்காக வந்து 1913-இல் கொல்லிமலையில் குடியேறிய அவர்கள், மருந்து கொடுத்தும் பள்ளி நடத்தியும் தொண்டு செய்தனர். 1914-இல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தார். அவரே பிற்காலத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப்புகழ் பெற்ற மருத்துவர் பால் பிராண்ட். தந்தையோ 1929-இல் காய்ச்சலுக்கே இரையானார். தாய் முதுமையிலும் மலையைக் கைவிடாது, மட்டக்குதிரையில் ஊர்ஊராய்ச் சென்று பணிசெய்து, 1974-இல் தம் 95-ஆம் அகவையில் காலமானார். பல்லாயிரம் பேருடைய முயற்சியால் நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவிலிருந்தே ஒழிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அதனை உறுதிப்படுத்தியது.

ஆகவே, ஒதுங்கிய வாழ்வில் இருவேறு கூறுகள் இருந்தன. கைமாறிக் கைமாறிச் செய்யும் உழைப்பும், தன் உணவைத் தானே விளைக்கும் அறிவும் ஒரு கூறு. நோயும் அறியாமையும் தோள்வலியும் மற்றொரு கூறு. இரண்டாவதை நீக்கி முதலாவதைக் காத்தல் கூடுமா? அதுவே நம் முன்னுள்ள வினா. இவ்வினாவோடு ஸ்காட்லாந்துக்குச் செல்வோம்.

ஸ்காட்லாந்தின் மேற்கே வெளி எப்ரிடீசுத் தீவுகள் உள்ளன. அவற்றுக்கும் அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில் செயின்ட் கில்டா என்னும் தீவுக்கூட்டம் இருக்கின்றது. அதில் மக்கள் வாழ்ந்த தீவின் பெயர் ஹிர்ட்டா. மரம் வளராத நிலம், ஓயாத காற்று, செங்குத்தான பாறைகள். அங்கு வாழ்ந்தோர் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் எடுத்து உண்டனர். பறவை இறகையும் எண்ணெயையும் நிலவுடைமையாளருக்கு வாரமாகச் செலுத்தினர். நம் மலையாளிகளுக்குத் தொம்பை எப்படியோ அப்படி அவர்களுக்குக் ‘கிளீட்’ என்னும் கற்குடில். சுண்ணாம்பின்றி அடுக்கிய கற்களின் இடுக்கில் காற்று நுழைந்து, உள்ளே தொங்கும் இறைச்சியைக் கெடாமல் காக்கும்.

ஒவ்வொரு நாளும் காலையில் ஆடவர் அனைவரும் தெருவில் கூடி, அன்று என்ன வேலை செய்வது என்று பேசி முடிவெடுப்பர். கிடைத்த பறவைகளை வீட்டுக்கு வீடு பங்கிடுவர். முதியோர்க்கும் கைம்பெண்களுக்கும் பங்கு உண்டு. அஞ்சல் அனுப்பும் முறையோ வியப்புக்குரியது. சிறு மரக்கட்டையைப் படகுபோலக் குடைந்து, அதனுள் கடிதத்தை வைத்து, மிதப்பதற்காக ஆட்டின் சிறுநீர்ப்பையை ஊதிக் கட்டி, காற்று சாதகமாக வீசும்போது கடலில் விடுவர். எங்கேனும் கரையொதுங்கிய இடத்தில் கண்டெடுத்தவர் அதனை அஞ்சலில் சேர்ப்பர். 1877-இல் அத்தீவில் சிக்கிக்கொண்ட செய்தியாளர் ஒருவர் தொடங்கிவைத்த வழக்கம் இது.

அங்கும் நோய் இருந்தது. பிறந்த குழந்தைகளுட் பலர் எட்டாம் நாள் அளவில் இசிவு கண்டு இறந்தனர். பேறுகாலத் தூய்மையைக் கற்பித்த பின், 1890-களில் அக்கொடுமை ஒழிந்தது. கொல்லிமலைக் கிணறு கற்பித்த பாடமும் இதுவே. அறிவு கடல் கடந்து வந்தால் குழந்தை பிழைக்கும்.

ஆயின் கப்பலில் அறிவு மட்டும் வரவில்லை. கோடைதோறும் சுற்றுலாப் பயணிகள் வந்தனர். நெய்த துணியையும் பறவை முட்டையையும் காசுக்கு வாங்கினர். காசு வந்ததும் மாவும் சர்க்கரையும் தேயிலையும் வெளியிலிருந்து வரலாயின. முதல் உலகப் போரின்போது கடற்படையினர் தங்கினர், ஊதியம் கிடைத்தது, வெளியுலகு நெருங்கியது. போர் முடிந்து அவர்கள் போனபின் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினர். 1920-ஐ ஒட்டி 70-க்கு மேல் இருந்த மக்கள் 1928-இல் 37 பேராயினர்.

இங்கேதான் நாம் நின்று கணக்கிட வேண்டும். எழுபது பேருக்கு உணவளித்த பாறையும் கடலும் முப்பத்தேழு பேருக்கு இருமடங்கு அளித்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. படகைத் துடுப்பு வலிக்கத் திடமான ஆடவர் சிலரேனும் வேண்டும். பாறையில் ஒருவர் இறங்க, மேலே கயிறு பிடிக்கச் சிலர் வேண்டும். ஆடுகளை மடக்கப் பலர் வேண்டும். ஒருவர் குறைந்தால் ஒருவருடைய வேலை மட்டும் நிற்பதில்லை. ஒருகட்டத்தில் எல்லாருடைய வேலையும் நின்றுவிடுகின்றது. 1930 சனவரியில் நோயுற்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தது மக்களின் மனவுறுதியை உடைத்தது. அரசுக்கு அவர்களே விண்ணப்பம் எழுதினர். அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், எஞ்சிய 36 பேரும் ‘ஹேர்பெல்’ என்னும் கப்பலில் ஏறித் தீவை விட்டு நீங்கினர். புறப்படுமுன் ஒவ்வொரு வீட்டிலும் விவிலிய நூலைத் திறந்துவைத்து, பக்கத்தில் சிறிது ஓட்சு தானியத்தையும் வைத்துச் சென்றனர் என்பர். இன்று அத்தீவு உலக மரபுச் சின்னம். அறிஞரும் பயணிகளும் வருகின்றனர். வழிவழிக் குடிமக்கள் எவரும் இலர்.

செயின்ட் கில்டாவைத் தொலைவு அழித்தது என்று பலர் கூறுவர். பல நூற்றாண்டுகள் அதே தொலைவில்தான் அத்தீவினர் வாழ்ந்தனர். கைகள் குறைந்ததால் அத்தீவு காலியாயிற்று என்பதே என் கருத்து.

மீண்டும் நம் மலைக்கு வருவோம். சாலை வந்தது, அதனால் விளைந்த நன்மை பெரிது. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கின்றது. உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. முள்ளுக்குறிச்சி வழியே மற்றொரு சாலையும் உண்டு. தூளியில் இறங்கிய நோயாளி இன்று வண்டியில் இறங்குகிறார். இதனை வேண்டாம் என்பவர், அத்தூளியைத் தாமே ஒருமுறை சுமந்து பார்க்கட்டும்.

அதே சாலையில் லாரிகளும் ஏறின. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும். நம் பக்கத்தில் அதனைக் குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசியாகி நாடெங்கும் செல்வது அதுவே. சாமை விளைந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு ஏறியது. மலைமக்களை இதற்காகக் குறைகூறுதல் அறமன்று. கிழங்குக்கு ஆள் குறைவாகவே வேண்டும்; விற்றால் ஒரே தொகையாகப் பணம் கைக்கு வரும்; மகளை உரலடியிலிருந்து விடுவித்துப் பள்ளிக்கு அனுப்பலாம். நியாய விலைக் கடையில் அரிசியும் கிடைக்கின்றது. இத்தனை நலன் கண்டும் சாமையையே குத்திக்கொண்டிரு என்று சொல்ல நாம் யார்?

ஆயினும் இழப்பும் உண்டு. கிழங்கு மண்ணின் சத்தை மிகுதியாக உறிஞ்சும். அதன் விலையை மலை தீர்மானிப்பதில்லை. சமவெளிச் சந்தை தீர்மானிக்கின்றது. விலை இறங்கிய ஆண்டில் கிழங்கை அடுக்கி உண்ண முடியாது. தலைமுறைதோறும் காத்த சாமை விதை ஓரிரு ஆண்டு விதைக்கப்படாவிடின் முளைப்புத்திறன் குன்றி அழியும். அழிந்ததை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலியும் பணமும் புகுந்த இடத்தில், உன் அறுப்புக்கு நான் என்னும் வழக்கம் மெல்லத் தேய்கின்றது.

இந்நிலையை உணர்ந்து 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து பணியாற்றலாயிற்று. சாமை ஏன் குறைகின்றது என்று ஆராய்ந்தபோது, உலக்கைப் பாடே முதன்மையான காரணங்களுள் ஒன்று எனக் கண்டனர். உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களில் வைக்கப்பட்டன. பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து அவற்றை நடத்தினர். தானியத்தை மாவாகவும் அரிசியாகவும் ஆக்கி விற்றனர். ஊர்தோறும் விதை வங்கிகள் ஏற்பட்டன. விதைப்புக் காலத்தில் விதையைக் கடனாகப் பெற்று, விளைந்தபின் கூடுதலாக அளந்து திருப்பித் தருவதே அவ்வங்கியின் முறை. பழைய கைமாற்று உழைப்பின் புதிய வடிவம் அன்றோ இது? ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் பேசிய பொருளை, நம் மலைப் பெண்கள் பல்லாண்டுகட்கு முன்பே செய்கையில் காட்டிவிட்டனர்.

ஸ்காட்லாந்திலும் நம்பிக்கை தரும் தீவு ஒன்று உண்டு. எக் என்னும் அத்தீவில் 1997-இல் ஏறத்தாழ 65 பேரே எஞ்சியிருந்தனர். நிலமெல்லாம் எங்கோ வாழ்ந்த உடைமையாளர் ஒருவருடையது. அவ்வாண்டு சூன் 12-ஆம் நாள், பொதுமக்கள் நன்கொடையின் துணையால், தீவினர் தம் அறக்கட்டளையின் பெயரில் தீவையே விலைக்கு வாங்கினர். 2008-இல் அருவி, காற்று, கதிரொளி மூன்றிலிருந்தும் தாமே மின்சாரம் ஆக்கிக்கொண்டனர். அவரவர் வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுப்பதில்லை என்று தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்டனர். இளையோர் திரும்பினர், மக்கள்தொகை நூறைக் கடந்தது. செயின்ட் கில்டாவுக்கும் எக்குக்கும் கப்பல் வந்தது. எக் தீவினர் தம் நிலத்தைப்பற்றித் தாமே கூடி முடிவு செய்யும் நிலையை அடைந்தனர். ஆகையால் கைகள் மீண்டும் சேர்ந்தன.

மாணவச் செல்வங்களே, சில மாதங்களுக்கு முன்பு என் பழைய மாணவன் என்னைக் காண வந்தான். இப்போது அவனும் நரை கண்டவன். மிளகும் காப்பியும் பயிரிடுகிறான். ஒரு சிறு பகுதியில் சாமையும் விதைக்கிறான். ஒரு பை சாமை அரிசியை என் முன் வைத்தான். அன்று அவனை நிற்கவைத்ததை நான் நினைவூட்டி வருந்தினேன். அவன் சிரித்தான். “அது போகட்டும் ஐயா. இந்த ஆண்டு அறுப்புக்கு நாங்கள் ஐந்து வீட்டார் சேர்ந்தோம். முன்னே இருபது வீடு. என் மகன் திருப்பூரில் இருக்கிறான், அறுப்புக்கு விடுப்பு கேட்டான், கிடைக்கவில்லை” என்றான்.

அவனுக்கு நான் என்ன விடை சொல்வேன்? இருபது வீடு ஐந்தாயிற்று. அது மூன்றானால், செயின்ட் கில்டாவின் படகுக் கணக்கு அங்கும் வந்து நிற்கும். அவன் மகனைத் திரும்பி வா என்று கட்டளையிட எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் விரும்பினால் திரும்புவதற்கு வழியிருக்க வேண்டும். மலையிலேயே பிழைப்பு, மலையிலேயே கல்வி, விளைவித்ததற்குத் தக்க விலை, தம் நிலத்தைப்பற்றித் தாமே கூடி முடிவெடுக்கும் அவை ஆகியவை இருந்தால் அவ்வழி திறந்திருக்கும்.

உங்களுட் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் பொறியாளராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள். ஒதுங்கிய ஊரொன்றுக்குப் பணிக்குச் செல்ல நேர்ந்தால், அங்குள்ள மக்களை நோக்கி, “உங்களுக்கு என்ன இல்லை?” என்று மட்டும் கேளாதீர்கள். “நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்கிறீர்கள்?” என்றும் கேளுங்கள். அவ்விடையைக் கெடுக்காமல் நீங்கள் கொண்டுசெல்லும் மருந்தும் இயந்திரமும் நூலும் அங்கே தங்கட்டும். அறுப்புக்கு நின்று, தாமதித்து வரும் சிறுவன் உங்கள் வகுப்பில் இருந்தால், அவனைப் பின்னால் நிற்கவைக்காதீர்கள். முன்னே அழைத்து, சாமை அறுப்பைப்பற்றி வகுப்புக்குச் சொல்லச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்களாக.